மைன்கிராஃப்ட் விக்கிக்கு எழுத்து விதிகள் வேண்டுமா?

மைன்கிராஃப்ட், பிளாக் என்கிற கட்டங்களை உடைத்தும் அடுக்கியும் ஆடுகிற விளையாட்டு. அதைப் பற்றி யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இருக்கிற நம் தமிழ்த் தளம்தான் இந்த விக்கி.

அக்டோபர் 30, இரணியலிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து தெரிந்ததை எழுதுகிறார்கள். தப்பாக இருந்தால் அடுத்தவர் திருத்தட்டும். இதற்கு எதற்கு விதி, பதிப்பு எண், சோதனை எல்லாம்? இது என்ன தமிழ் விக்கிப்பீடியாவா? விதி போட்டால் இப்போது எழுதுகிற நாலு பேரும் ஓடிவிடுவார்கள்."

நவம்பர் 1

விதி வேண்டும் என்கிற பக்கம்தான் நான். காரணம், கிராவல் (சரளைக்கல்) பக்கம்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் பல நாளாக மாறி மாறி அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கிராவலை உடைத்தால் கட்டாயம் ஃபிளின்ட் (சிக்கிமுக்கிக் கல்) கிடைக்கும் என்று குளச்சல் பையன் போடுவான். திருவட்டாறு பிள்ளை அதை எடுத்துவிட்டு, எப்போதாவதுதான் கிடைக்கும் என்று போடுவாள். மறுநாள் பழையபடி மாறியிருக்கும். கடைசியில் "நீ விளையாடினதே இல்லை" என்கிற வரைக்கும் பேச்சு போய்விட்டது. எதை வைத்து உடைத்தீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். அவனிடம் ஃபார்ச்சூன் 3 ஏற்றிய ஷவல் (ஃபார்ச்சூன் என்பது கருவியில் ஏற்றுகிற ஒரு மந்திர சக்தி, எண் அதன் நிலை). அவளிடம் வெறும் ஷவல்.

வெறும் ஷவலுக்கு ஃபிளின்ட் விழுகிற வாய்ப்பு 10 சதவீதம். ஃபார்ச்சூன் 1 என்றால் ஏழில் ஒன்று, 2 என்றால் நாலில் ஒன்று. 3 இருந்தால் உடைக்கிற ஒவ்வொரு கிராவலுக்கும் ஃபிளின்ட்தான். சில்க் டச் என்ற இன்னொரு சக்தி இருந்தால் ஒன்றுகூட விழாது, கிராவலாகவே கைக்கு வரும். ஆக இரண்டு பிள்ளைகளும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். இருவரிடமும் விட்டுப்போனது ஒரே விஷயம்: எந்த நிலையில் பார்த்தோம் என்பது.

"அடுத்தவர் திருத்தட்டும்" என்று விட்டால் ஒரு சரியை இன்னொரு சரி அழித்துக்கொண்டே இருக்கும். எனக்கு வேண்டிய முதல் விதி இதுதான்: என்ன நடந்தது என்று எழுதும்போது, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்தக் கடினநிலை என்பதையும் சேர்த்து எழுது. படிக்கிற இன்னொரு பிள்ளை அதையே செய்து பார்க்க முடிய வேண்டும்.

நவம்பர் 1, இரவு

மேலே ஒன்று சேர்க்க வேண்டும். பத்து கிராவல் உடைத்து மூன்று ஃபிளின்ட் கிடைத்த ஒரு பையன் "30 சதவீதம்" என்று எழுதியிருக்கிறான். பத்து எண்ணிக்கைக்கு அப்படி வருவது சகஜம். குலுக்கலாக விழுகிற எதற்கும் எத்தனை முறை செய்து எத்தனை கிடைத்தது என்று இரண்டு எண்ணையும் எழுதட்டும். சதவீதத்தை அவன் போட வேண்டாம். அடுத்த பிள்ளை நூறு உடைத்துவிட்டு வந்து அதன் கீழே எழுதுவாள், அடுத்தவன் ஆயிரம். எண்கள் சேரச் சேர விடை தானாகத் தெளிந்துவிடும், யாரும் யாரையும் அழிக்கவும் வேண்டியிருக்காது.

நவம்பர் 5

மூன்று நாளாக மழை, கரண்டும் இல்லை. அதனால் தாமதம்.

நான் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகையில் தேதியும் மண்டபமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் வருகிற அதே பதற்றம் இந்த விக்கியிலும் எனக்கு வருகிறது. அதிகம் பதறுவது ரெட்ஸ்டோன் (விளையாட்டுக்குள் மின்சாரம் மாதிரி பொறிகளை இயக்குவது) பக்கங்களைப் பார்க்கும்போது.

எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் போனில் விளையாடுகிறவர்கள். அதுவும் அப்பாவின் போன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில், விடியும் முன்னே போன அப்பா வந்து சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற நேரம்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்து, அதில் உள்ளபடியே பிஸ்டன் (பிளாக்கைத் தள்ளுகிற பொறி) வைத்த கதவு ஒன்றைக் கட்டுகிறது. கதவு திறக்காது. எங்கே தப்பு என்று தேடித் தேடியே நேரம் போய்விடும். கடைசியில் நம் பக்கத்தில் வந்து "புது அப்டேட்டில் இதை எடுத்துவிட்டார்கள்" என்று எழுதிவிட்டுப் போகும்.

யாரும் எதையும் எடுக்கவில்லை. வீடியோவில் இருந்தது கணினியில் ஓடுகிற ஜாவா பதிப்பு, பிள்ளையின் கையில் இருப்பது பெட்ராக். ஜாவாவில் பிஸ்டனுக்கு நேர் மேலே உள்ள கட்டத்துக்கு மின்சாரம் போனால்கூடக் கீழே உள்ள பிஸ்டன் இயங்கும். குவாசி கனெக்டிவிட்டி என்பார்கள். பெட்ராக்கில் அது இல்லை. இதை நம்பிக் கட்டிய எந்தப் பொறியும் போனில் ஓடாது. பிள்ளை எத்தனை முறை பிரித்துக் கட்டினாலும் ஓடாது. அந்தப் பிள்ளையின் அரைநாள் வீணானதற்கு நம் பக்கமும் ஒரு காரணம், ஏனென்றால் அதில் "ஜாவா மட்டும்" என்று ஒரு சொல் இல்லை.

இப்படி வித்தியாசப்படுகிற இடங்கள் நிறைய. 2016இல் வந்த 1.9 என்ற பதிப்பு எண்ணிலிருந்து ஜாவாவில் ஒருமுறை வாளை வீசினால் அடுத்த வீச்சின் முழு பலம் திரும்பக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெட்ராக்கில் அந்தக் காத்திருப்பு கிடையாது. விதர் என்ற பெரிய எதிரியின் உயிர் ஜாவாவில் எல்லாக் கடினநிலைக்கும் 300. பெட்ராக்கில் ஹார்ட் என்ற கடினநிலையில் அது 600. "விதரை அடிப்பது சுலபம்" என்று ஜாவாக்காரர் எழுதியதை நம்பிப் போன் பிள்ளை போனால் என்ன ஆகும்!

எனவே இரண்டாவது விதி. விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று சொல்கிற ஒவ்வொரு பத்திக்கும் ஒரு குறி: ஜாவா, பெட்ராக், அல்லது இரண்டும். "இரண்டும்" என்று போடுவதானால் இரண்டிலும் யாராவது செய்து பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்து பார்த்த ஒன்றை மட்டும் போடுங்கள், மற்றது காலியாக இருக்கட்டும். காலியிடத்தைப் பார்க்கிறவர் அதை நிரப்ப வருவார்.

நவம்பர் 6

குறியை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். பத்தியின் தொடக்கத்தில். முடிவில் போட்டால் செய்துவிட்டுத்தான் படிப்பார்கள்.

நவம்பர் 9

"இது என்ன தமிழ் விக்கிப்பீடியாவா?" என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது. அதன் விதிகள் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அவற்றை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. அங்கே சொந்த ஆய்வு கூடாது. வெளியே ஒரு நம்பகமான இடத்தில் அச்சாகியிருந்தால்தான் எழுதலாம். இங்கே அந்த விதியைப் போட்டால் முக்கால்வாசிப் பக்கம் காலி. விவசாய நிலத்தில் ஒரு கட்டம் தண்ணீர் விட்டால் நாலு பக்கமும் நாலு கட்டம் வரைக்கும், மூலைவாட்டிலும்கூட, ஈரம் போகும். அதனால் நடுவில் ஒரு தண்ணீர் வைத்து ஒன்பதுக்கு ஒன்பது வயல் போடலாம். இதை எந்தச் செய்தித்தாள் எழுதப் போகிறது? பிள்ளை வயல் போட்டுப் பார்த்ததுதான் சான்று.

அதனால் நமக்குச் சொந்தச் சோதனை வேண்டும். எவரும் திரும்பச் செய்து பார்க்கிற மாதிரி அது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். பதிப்பு எண் விளையாட்டின் முதல் திரையில் கீழ் மூலையில் இருக்கும், அதைப் பார்த்து அப்படியே எழுதினால் போதும். கட்டளை எதையாவது போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பயிர் வேகமாக வளரட்டும் என்று ரேண்டம் டிக் (பயிர் வளர்வது போன்றவை எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்ற எண்) வேகத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அதன் இயல்பு எண்ணே ஜாவாவில் 3, பெட்ராக்கில் 1. வீடியோவில் ஜாவாக்காரர் "இயல்புக்குத் திருப்புகிறேன்" என்று 3 போடுவதைப் பார்த்து போன் பிள்ளையும் 3 போட்டால், கூட்டியது தெரியாமலே கூட்டிவிட்டது. அதில் எடுத்த கணக்கு எல்லாம் கோணலாகத்தான் வரும்.

இன்னொன்று, இது பிள்ளைகளுக்கு. போனில் சீட்ஸை (கட்டளை போட விடுகிற வசதி) ஆன் செய்தால் அந்த உலகத்தில் அதற்குப் பிறகு அச்சீவ்மென்ட் கிடைக்காது. ஆசையாய் வளர்த்த உலகத்தில் சோதனை செய்யாதீர்கள் மக்களே. உலகத்தை ஒரு காப்பி எடுத்துவிட்டு அதில் செய்யுங்கள்.

நவம்பர் 14

வைரம் பக்கத்தில் இரண்டு தலைமுறை மோதுகிறது. இப்போது கல்லூரியில் படிக்கிற அண்ணன்மார் 11ஆம் மட்டத்தில் தோண்டச் சொல்கிறார்கள். தம்பிமார் -59 என்கிறார்கள்.

2021 நவம்பர் 30 அன்று வந்த 1.18 பதிப்பு விளையாட்டின் உலகத்தையே மாற்றியது. அதற்கு முன் ஜாவா உலகின் அடி 0, உச்சி 255. அதற்குப் பின் அடி -64, உச்சி 319. முன்பு வைரம் 16ஆம் மட்டத்துக்குக் கீழேதான் இருந்தது, எரிகுழம்புக்கு மேலே நின்று தோண்டுவதற்கு 11 வசதியான இடம். இப்போது ஆழம் போகப் போக வைரம் கூடுகிறது. அண்ணன்மார் சொன்னது அவர்கள் காலத்துக்கு முழு உண்மை.

நான் மெய்ப்புப் பார்க்கிறவன் என்ற முறையில் இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். "இப்போது", "சமீபத்தில்", "போன அப்டேட்டில்", "புதிய" என்ற சொற்கள் கட்டுரையில் வேண்டாம். எழுதுகிற அன்றைக்கு மட்டும்தான் அவை உண்மை. "1.18 முதல்" என்று எழுதினால் பத்து வருடம் கழித்தும் உண்மை. பழைய தகவலை அழிக்கவும் வேண்டாம். பக்கத்தின் கீழே "வரலாறு" என்று ஒரு பகுதி வைத்து, எந்தப் பதிப்பு வரைக்கும் அது செல்லும் என்று எழுதி அங்கே இறக்கிவிடுங்கள். அண்ணன் வந்து பார்க்கும்போது தான் சொன்னது எங்கே இருக்கிறது என்று தெரியும், ஏன் மாறியது என்றும் தெரியும்.

நவம்பர் 15

ஹீரோபிரைன் பக்கத்தை நீக்க வேண்டும் என்று ஒருவர், நீக்கக் கூடாது என்று இருவர்.

வெள்ளைக் கண்ணோடு தூரத்தில் நின்று பார்க்கிற அந்த உருவம் விளையாட்டில் எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை. 2010இல் இணையத்தில் ஒரு பேய்க்கதையாகக் கிளம்பியது. பிறகு விளையாட்டைச் செய்கிறவர்களே தங்கள் வெளியீட்டுக் குறிப்புகளில் பலமுறை "ஹீரோபிரைன் நீக்கப்பட்டது" என்று வேடிக்கையாக எழுதினார்கள். நம் பிள்ளைகள் அந்த வரியைச் சான்றாகக் காட்டுகிறார்கள்: நீக்கப்பட்டது என்றால் முன்பு இருந்திருக்க வேண்டும் அல்லவா? பத்து வயதுப் பிள்ளை இப்படி யோசிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேள்வி நல்ல கேள்வி.

பக்கம் இருக்கட்டும். முதல் வரியிலேயே "விளையாட்டில் இல்லாத, ரசிகர்களிடையே பரவிய கதைப் பாத்திரம்" என்று இருக்க வேண்டும். அந்த வேடிக்கை வரியும் இருக்கட்டும், அது வேடிக்கை என்ற விளக்கத்தோடு. அதிகாரபூர்வமாக வந்தது என்பதாலேயே ஒரு வரி சான்றாகிவிடாது. ஏப்ரல் 1க்கு அவர்கள் விடுகிற வேடிக்கைப் பதிப்புகளும் இப்படித்தான். 2020இல் எண்ணற்ற பரிமாணங்களோடு (தனித்தனி உலகங்கள்) ஒன்று வந்தது. அதில் இருந்ததை எல்லாம் நெதர் (விளையாட்டில் நரகம் மாதிரியான உலகம்) பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அதற்குத் தனிப் பக்கம் போட்டு அங்கே மாற்ற வேண்டும்.

நவம்பர் 22

படங்கள்.

ஒரு பிளாக்கைக் காட்டுகிற படத்தில் அந்த பிளாக் தெரிய வேண்டும். விரலால் தொடுகிற பொத்தான்கள், சாட்டில் ஓடுகிற பேச்சு, மேலே வந்த வாட்ஸ்அப் அறிவிப்பு இவை வேண்டாம். செட்டிங்ஸில் அந்தப் பொத்தான்களை மறைக்கிற வசதி இருக்கிறது. டெக்ஸ்சர் பேக் (பிளாக்குகளின் தோற்றத்தை மாற்றுவது) போட்டு எடுத்த படமும் வேண்டாம். அந்தப் படத்தை வைத்துத் தேடுகிற பிள்ளைக்கு அவன் போனில் அந்த நிறம் கிடைக்காது.

கட்டடங்கள் தனி விஷயம். கண்ணாடி பிளாக் பக்கத்தில் ஒருவர் கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தைக் கட்டிப் போட்டிருக்கிறார். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது. அதன் நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். விளையாட்டில் ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பது கணக்கு. அவர் 77 பிளாக் நீளம், 10 பிளாக் அகலம் என்று எண்ணிக் கட்டியிருக்கிறார். நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு. ஆனாலும் கண்ணாடி எப்படிச் செய்வது என்று தேடி வருகிறவருக்கு முதலில் மணலை உலையில் போடுகிற வழி தெரிய வேண்டும், பாலம் பிறகு.

அதற்காக "கட்டடக் கூடம்" என்று ஒரு தனிப் பகுதி திறந்திருக்கிறேன். அங்கே உங்கள் விருப்பம். மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை, உங்கள் வீடு, எது வேண்டுமானாலும் கட்டிப் போடுங்கள். அங்கே படத்துக்கு விதி எதுவும் கிடையாது.

நவம்பர் 23

கூடத்தில் வள்ளுவர் சிலை வந்துவிட்டது! 133 பிளாக் உயரம். அது 133 மீட்டர் அல்லவா, சிலை 133 அடிதானே, சுமார் 41 பிளாக்தான் வர வேண்டும் என்று ஒருவர் கீழே எழுத, கட்டிய பெண் கொடுத்த பதில்: அடி வேறு மீட்டர் வேறு என்று தெரியும், ஆனால் அதிகாரத்துக்கு ஒரு பிளாக் என்று வைத்துக் கட்டினேன். பீடம் 38 பிளாக், அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. அசல் சிலையிலும் அடிக்கணக்கு இதேதான்.

கூடத்துக்கு விதி போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 3

சவேரியார் கோவில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. பிள்ளைகள் எல்லோரும் வீட்டில், காலையிலிருந்து திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சந்தோஷம். ஆனால் இரண்டு விஷயத்துக்காக வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒன்று, ஒரு பிள்ளை தன் பயனர் பக்கத்தில் முழுப் பெயர், பள்ளி, வகுப்பு, அப்பாவின் போன் எண் வரைக்கும் எழுதியிருந்தது. உடனே எடுத்தேன். வெறுமனே அழித்தால் பழைய திருத்தத்தில் போய் யாரும் பார்க்கலாம் என்பதால், அந்தத் திருத்தத்தையே நிர்வாகக் கணக்கிலிருந்து மறைத்தேன். இந்த ஒரு விதியில் பேச்சுக்கே இடமில்லை. பெயர், பள்ளி, எண், ஊர்த்தெரு, முகம் தெரிகிற படம் இவற்றைப் பார்த்தால் யாரும் யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம், எடுத்த பிறகு எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைத் திட்டக் கூடாது. ஏன் எடுத்தோம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முதல்முதலாக எழுத வந்த ஒரு பையனின் பத்தியை ஒருவர் ஒரு சொல்கூடச் சொல்லாமல் முழுதாக நீக்கிப் பக்கத்தைப் பழையபடி திருப்பிவிட்டார். பதிப்புக் குறி இல்லை என்பது காரணமாம். விதி இருக்கிறது என்பதால் இப்படிச் செய்யலாம் என்று ஆகிவிட்டால் இரணியல் வாசகர் சொன்னதுதான் நடக்கும். குறி இல்லாத பத்தியைப் பார்த்தால் "எதில் விளையாடினாய் தம்பி?" என்று பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். ஒரு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் நீங்களே சோதித்துக் குறியைப் போடுங்கள். சோதிக்க முடியாவிட்டால் "பதிப்பு தெரியவில்லை" என்று போட்டு விட்டுவிடுங்கள். பொய்யோ கெட்ட சொல்லோ இருந்தால் மட்டும் உடனே திருப்பலாம், அதற்கும் காரணத்தை எழுத வேண்டும்.

டிசம்பர் 4

எண்டர்மேன் என்ற உயிரினத்தின் பக்கம் முழுக்க ஆங்கில மைன்கிராஃப்ட் விக்கியிலிருந்து கணினி மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது. படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்த விக்கி 2023 செப்டம்பரில் ஃபேண்டம் என்ற விக்கி நிறுவனத்தின் தளத்திலிருந்து பிரிந்து தனித் தளமாகப் போனது. இரண்டும் இன்னும் இருப்பதால், எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று சொல்வது முக்கியம். பழைய தளத்தில் பல பக்கங்கள் பிரிந்த நாளோடு நின்றிருக்கும். தனித் தளத்தின் உரை பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதை மொழிபெயர்த்தால் இந்த மூன்றும் நம்மையும் கட்டும். அங்கிருந்து எடுத்ததைத் தமிழ் விக்கிப்பீடியாவில் கொண்டுபோய் ஒட்டவும் முடியாது, அவர்கள் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிற ஒன்று, இரண்டும் ஒத்துவராது.

இதைவிட எளிய வழி உண்டு. படியுங்கள், மூடி வையுங்கள், விளையாடிப் பாருங்கள், உங்கள் பேச்சில் எழுதுங்கள். எண்டர்மேன் கண்ணைப் பார்த்தால் பாய்ந்து வரும், தலையில் பூசணியை மாட்டிக்கொண்டு பார்த்தால் வராது, தண்ணீர் பட்டால் அதற்கு அடி விழும். இந்த மூன்று வரியை ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

டிசம்பர் 10

மேலே எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். விதிகள் கூடிவிட்டன. இரணியல் வாசகர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எழுத வருகிற பிள்ளையிடம் இத்தனையையும் நீட்டினால் அது படிக்காது.

இப்படிப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். புதிதாக எழுதுகிறவருக்கு இரண்டே விஷயம்: எதில் விளையாடினாய் என்று சொல், உன்னைப் பற்றிய விவரம் எதையும் எழுதாதே. இதை மட்டும் எழுதுகிற பெட்டிக்கு மேலே போட்டுவிடலாம். மிச்சம் எல்லாம், "இப்போது" என்ற சொல்லை எடுப்பது, வரலாற்றுப் பகுதிக்கு இறக்குவது, படத்தைச் சரிபார்ப்பது, உரிமம், தலைப்புகளை ஒரே மாதிரி எழுதி மற்ற எழுத்துக்கூட்டல்களை அதற்குத் திருப்பிவிடுவது, இவை திருத்துகிற பெரியவர்களின் வேலை. பிள்ளை கச்சாவாகக் கொண்டுவந்து கொட்டட்டும். நாம் பதப்படுத்துவோம்.

நடையைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. பிளாக், உயிரினம் பற்றிய பக்கங்களில் "ஆட்டக்காரர்" என்று எழுதுங்கள். செய்முறைப் பக்கங்களில் "நீங்கள்" என்றே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருந்தால்தான் கை ஓடும்.

டிசம்பர் 13

அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. தேர்வு முடிகிற வரைக்கும் பிள்ளைகள் யாரும் எழுத வேண்டாம், வந்து எழுதினாலும் நான் பதில் போடப் போவதில்லை. அந்த நேரத்தில் குறி இல்லாத பக்கங்களைப் பெரியவர்கள் பிரித்துக்கொள்வோம். நெதர், எண்ட் பக்கங்களை நான் பார்க்கிறேன், என்னிடம் பெட்ராக் மட்டும்தான் இருக்கிறது. பயிர், மிருகங்கள் பக்கங்களைத் தக்கலை அக்கா எடுத்துக்கொண்டார். இரணியல் வாசகர், விளையாட்டில் வருகிற கிராமத்தாரின் வியாபாரப் பக்கத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு நன்றி. ரெட்ஸ்டோன் பக்கங்களுக்குத்தான் ஆள் இல்லை. கணினியில் ஜாவா வைத்திருக்கிறவர், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ எங்கே இருந்தாலும், பிஸ்டன் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பெட்ராக்கில் நான் கட்டுகிறேன், அதையே ஜாவாவில் நீங்கள் கட்டிப் பாருங்கள்.